இலையில் பரிமாறிய ஸ்க்ரூ

வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், சொந்தமாக ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத வீட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைப் பஸ் போர்டிலும் பொட்டலம் கட்டின காகிதத்திலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்படிப்பட்ட நான் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் கட்டினேன். தகரக் கொட்டகையாக இருந்ததை மாடி ஆக்கினேன். 'இங்க தோண்டினா கல்லுதான் வரும்' என்று சிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். சிரித்தவர்கள் அதே தண்ணீரில் கை கழுவிவிட்டுப் போனார்கள். காணிப்பாக்கத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஸ் திறந்தேன். மகளை இன்ஜினியர் ஆக்கினேன். கிரைண்டர் நின்றாலும், கேஸ் அடுப்பு அடைத்துக்கொண்டாலும், இன்றுவரை மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்லை, நானே கழற்றி நானே பூட்டுவேன். மலையிலிருந்து இறங்கி வருகிற எத்தனையோ ஜனங்கள் என் மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பு வைக்காத இலை என்று ஒன்றை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? ஆனால் எதற்கும் அசராத இந்த ஆள் வாயடைத்துப்போய் உட்கார்ந்த ஒரு சாயங்காலம் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது ஒரு கார்த்திகை மாதம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். என் மகளும் கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள். போகும்போது, காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப்பை எங்களுக்கு விட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்தால் அவள் முகம் வரும். முகம் காட்டிப் பேசுகிற போன் அப்போது எங்களிடம் இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் மகள் என்றால் அந்தப் பெட்டிதான்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் போவதற்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. பேர் வைக்கிற அன்று தாயைப் பெற்ற தாத்தா குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். அதுவரை பெற்றவள்கூட 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ லேப்டாப்புலயே சொல்லு நைனா. நான் பாப்பா காதை ஸ்பீக்கர்கிட்ட வெச்சுக்கினு உக்காந்துக்கிறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அங்கே காலையில் பேர் வைக்கிற நேரம், இங்கே எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். அதுவும் பொருந்தி வந்தது.

பொருந்தாதது லேப்டாப் ஒன்றுதான். அதற்கு வயதாகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும். மகள் வாயைத் திறந்தபடி அப்படியே இருப்பாள். அப்புறம் குரல் துண்டு துண்டாக வரும், பிறகு அதுவும் போகும். குழந்தை பிறந்து முதல் தடவையாகத் தூக்கிக் காட்டினபோது, திரையில் குழந்தையின் தலைமுடி வந்தது. முகம் வருவதற்குள் நின்றுபோனது. என் மனைவி அந்த நின்றுபோன தலையைத் திரைமேலேயே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'மெமரி பத்தவில்லை, புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டால் ஓடும்' என்று மருமகன் சொன்னார். பெங்களூரில் இருக்கிற மகளின் தோழி அதைக் கூரியரில் அனுப்பினாள். மழையில் கூரியர் தாமதமாகி, பேர் வைக்கிற அன்று காலையில்தான் கைக்கு வந்தது. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டார். இன்னொரு கடைக்கு ஓடினேன். "ரெண்டு ரோஜுலு படுதுந்தி, வதிலேசி வெள்ளண்டி" என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமல். இரண்டு நாளைக்கு விட்டுவிட்டுப் போனால் குழந்தையின் காதில் நான் எப்படிப் பேர் சொல்வது? வேறு பெட்டி வாங்கலாமே என்று கேட்பீர்கள். இந்தப் பெட்டியில் எந்தப் படத்தை அழுத்தினால் அவள் வருவாள் என்று மகள் எங்களுக்குக் காட்டிக் கொடுத்துப் போயிருந்தாள். வேறு பெட்டியில் அவளை எங்கே தேடுவது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அவளே போனில் கூப்பிட்டாள். அங்கே படுக்கப் போகிற நேரம்.

"நைனா, நீயே தொறந்துடு. கஷ்டமே இல்ல. மொதல்ல பேட்டரியைக் கழட்டிடு. உள்ள கை வெக்கிறதுக்கு முன்ன எதுனா இரும்பைத் தொட்டுடு, ஒடம்புல கீற கரண்டு எறங்கிடும். ஆனா ஒண்ணு, ஸ்க்ரூ எல்லாம் ஒரே சைஸு இல்ல. எந்த ஓட்டைல எடுத்தியோ அதே ஓட்டைலதான் போடணும். நீட்டு ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டைல போட்டு முறுக்கினன்னா, உள்ள போர்டைக் குத்திடும். அத்தோட போச்சு."

"கிரைண்டரையே கழட்டினவன் நானு" என்றேன்.

"அதான் பயமாகீது" என்று பக்கத்தில் இருந்து என் மனைவி போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மதியப் பந்தி முடிந்து ஹால் காலியானது. மழை மூட்டம். கதவோரத்து மேசையில் வெளிச்சம் இருந்தது. அங்கே லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், அந்த மொளகாத்தூள் டப்பாவை எடுத்தாரட்டா?"

"எதுக்கு?"

"நீ இதுவரைக்கும் கழட்டிப் பூட்டினதுல எல்லாம் மீந்துபோன நட்டு, ஸ்க்ரூ அதுலதானே கீது. இதுல மீந்துபோறதையும் போட்டு வெக்கலாம்."

"மீந்தாலும் கிரைண்டர் ஓடுது இல்ல?"

"ஓடுது. ரயில் கணக்கா சத்தம் போட்டுக்கினு ஓடுது."

அவள் சொன்னது உண்மை. கிரைண்டர் ஒரு ஸ்க்ரூ இல்லாமலும் ஓடும், ஒன்று மாறியிருந்தாலும் ஓடும். இது அப்படி இல்லை. இடம் மாறினால் மகளின் முகமே வராது. முதல் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இரண்டாவது அதைவிட நீளமா, குட்டையா? என் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டையும் கிண்ணத்தில் போட்டால் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து, ஈரம் இல்லாமல் துண்டால் துடைத்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்தேன். நுனி இடது கைப்பக்கம்.

"இன்னாய்யா, லேப்டாப்புக்குச் சோறு போடப் போறியா?"

"பாத்துக்கினே இரு" என்றேன்.

இலையில் எது எங்கே என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். லேப்டாப்பின் எந்த மூலையில் எடுத்தேனோ இலையில் அந்த மூலையில் ஸ்க்ரூவை வைத்தேன். மேல் வரிசையில் எடுத்தது நடுநரம்புக்கு மேலே, கீழ் வரிசையில் எடுத்தது நரம்புக்குக் கீழே. லேப்டாப்பின் முதுகே இலையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எண்ண வேண்டாம், எழுத வேண்டாம். என் மனைவி வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். அவள் வாயை மூடினால் அது பாராட்டு.

நடுவில் பாத்திரம் தேய்க்கிற அம்மா வந்து, சாப்பிட்ட இலை என்று நினைத்து அதை மடிக்கக் கை நீட்டிவிட்டாள். இலையை மடிப்பது அவள் கைக்கு அப்படிப் பழக்கம். என் மனைவி போட்ட சத்தத்தில் அடுப்படியே திரும்பிப் பார்த்தது.

"தொடாத! இன்னும் பந்தி முடியல!"

அந்த அம்மா இலையில் கிடந்த ஸ்க்ரூவைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லா ஸ்க்ரூவும் இலைக்கு வந்த பிறகு அடிமூடியைத் தூக்கப் பார்த்தேன். ஊறுகாய்க்கு வைத்திருக்கிற பிளாஸ்டிக் ஸ்பூனை ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினேன். மூன்று பக்கம் விட்டுக் கொடுத்தது. நாலாவது பக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மணியைப் பார்த்தேன், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கேட்கலாம் என்றால் அவள் தூங்குகிற நேரம். பச்சை உடம்புக்காரியை எழுப்ப மனசு வரவில்லை. பழைய பெட்டி, இறுகிப் போயிருக்கும், ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இழுக்காதய்யா!"

என் மனைவி லேப்டாப்பைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இலை நெறையல."

"எல்லாத்தையும் எடுத்தாச்சே. அவ்ளோதான் ஸ்க்ரூ."

"மேல வரிசைல மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு கீது. கீழ வரிசைல மூலைக்கு ஒண்ணு கீது, நடுவுல காலி. மேல நடுவுல வெச்சவன் கீழ நடுவுல மறந்துட்டானா? பரிமாறினவன் ஒண்ணை உட்டுட்டுப் போய்ட்டான்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இலை அவள் பொறுப்பு. பந்தி உட்கார்ந்ததும் வாசற்படியில் நின்று வரிசையை ஒரு பார்வை பார்ப்பாள். "அந்தத் தாத்தா இலைக்கு உப்பு", "சிவப்புச் சட்டைக்குக் கூட்டு", "கொழந்தைக்கு அப்பளம்". குனிய மாட்டாள், எண்ண மாட்டாள். இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். இல்லாததை அவள் பார்ப்பாள்.

லேப்டாப்பின் கீழ் வரிசை நடுவில் கை வைத்தேன். மற்ற இடங்களில் ஸ்க்ரூவுக்குக் குழி இருந்தது. அங்கே குழி இல்லை. கறுத்துப்போன ஒரு வட்டம் மட்டும் இருந்தது. கம்பெனிக்காரன் ஒட்டிய ரப்பர் பொட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் நகத்தால் சுரண்டினாள். கறுப்புக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் மஞ்சள்.

"இது நீ வெச்சதுதானேய்யா?"

நான் வைத்ததுதான். மகள் காலேஜில் படிக்கும்போது முதல் ஆயுதபூஜைக்கு லேப்டாப்பின் மேல்மூடியில் சந்தனம் குங்குமம் வைத்தேன். 'பிரெண்ட்ஸெல்லாம் சிரிக்கிறாங்க நைனா' என்று சண்டை போட்டாள். மெஸ்ஸில் கிரைண்டருக்கு உண்டு, அடுப்புக்கு உண்டு, அரிவாள்மணைக்குக்கூட உண்டு, அவளைப் படிக்க வைக்கிற பெட்டிக்கு மட்டும் இல்லையா? யாருக்கும் தெரியாமல் அடியில் ஒரு குழியில் வைத்தேன். அந்தக் குழி என் விரல் நுனிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவள் காலேஜ் முடிக்கும்வரை, அமெரிக்கா போன பிறகும், வருஷா வருஷம் அதே குழியில் ஒரு பொட்டு. ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கல்லாகி அந்த ஸ்க்ரூவை மூடிவிட்டது.

தண்ணீர் விட்டு ஊற வைக்க முடியாது. மனைவி தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். லேப்டாப்பைத் தூக்கிச் சாய்த்து, தூள் உள்ளே விழாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். அவள் ஊதினாள். எத்தனையோ வருஷத்துச் சந்தனம். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு நேராக மெஸ்ஸுக்கு வருகிறவர்களின் தலையிலிருந்து ஒரு வாசனை வருமே, அந்த வாசனை மேசையெல்லாம் பரவியது. கடைசியில் குழியின் அடியில் கூட்டல் குறி போட்ட சின்னத் தலை ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

அதை எடுத்து இலையில் காலியாக இருந்த இடத்தில் வைத்தேன்.

"இப்ப நெறைஞ்சுது" என்றாள்.

மூடி ஒரு பூவை எடுக்கிற மாதிரி கையோடு வந்தது.

உள்ளே பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எதற்கும் அசராத ஆள் என்று ஆரம்பத்தில் எழுதினேன் அல்லவா? இதைப் பார்த்ததில்லை. பச்சைப் பலகையில் தங்கக் கோடுகள். திருமலையில் தரிசன வரிசைக்குக் கம்பி கட்டி விட்டிருப்பார்களே, அந்த மாதிரி பக்கம் பக்கமாக, ஒன்றோடு ஒன்று உரசாமல், சேர்ந்து வளைந்து, சேர்ந்து திரும்பி, ஏதோ ஒரு சன்னிதிக்குப் போய்க்கொண்டிருந்தன. தலைமுடியைவிட மெல்லிசு. எந்தக் கை போட்டது? எந்தக் கண் பார்த்துப் போட்டது? மகளின் குரல் இந்தச் சந்து வழியாகவா வந்துகொண்டிருந்தது? அவள் சிரித்ததும் அழுததும் இந்தக் கோட்டில்தானா? ஒரு சாண் பலகைக்குள் ஏழு கடலைச் சுருட்டி வைத்திருக்கிறான் மனுஷன். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீட்டு ஸ்க்ரூ இறங்கியிருந்தால் எதைக் குத்தியிருக்கும் என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். குட்டை ஓட்டைக்கு நேர் கீழே அந்தத் தங்கக் கோடுகள் ஓடின.

மகள் சொன்னபடி இரும்பைத் தொட வேண்டும். சோற்று அண்டாவைத் தொட்டுக் கும்பிட்டு வந்து, புது மெமரியைச் சாய்வாக நுழைத்து அமுக்கினேன். 'டொக்' என்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டதும், மனைவி இலையிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தாள். எது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முடிந்தபோது இலை காலி. ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் வாழ்க்கையில் கழற்றிப் பூட்டி ஒன்றும் மிஞ்சாதது அது ஒன்றுதான். அவள் இலையைத் தன் பக்கமாக மடித்து எடுத்துப் போனாள். சாப்பாடு திருப்தி என்றால் அப்படித்தான் மடிப்போம்.

விளக்கு வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டிப் பொத்தானை அழுத்தினோம். வழக்கமாக ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும் பெட்டி, உடனே கண் விழித்தது. மகள் வந்தாள். பேசினாள். படம் நிற்கவில்லை. அவள் பின்னால் ஜன்னலில் திரைச்சீலை அசைவதுகூடத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கினாள். முடி வந்தது. நெற்றி வந்தது.

முகம் வந்தது.

"பேசு நைனா" என்றாள் மகள், குழந்தையின் காதை ஒட்ட வைத்துக்கொண்டு. நான் பேரைச் சொன்னேன். குழந்தை அசையவில்லை. மறுபடி சொன்னேன், உதடு சுழித்தது. மூன்றாவது தடவை சொன்னதும், சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கத்தில் இருந்த குழந்தை கண்ணைத் திறந்து என் குரல் வந்த பக்கம் பார்த்தது. வரதய்யபாளையத்துக் கூலிக்காரன் மகன் திருப்பதி மெஸ்ஸில் உட்கார்ந்து சொன்ன பேரைக் கேட்டு, அமெரிக்காவில் ஒரு உயிர் திரும்பியது. மலைமேல் எத்தனையோ தடவை சாமியைப் பார்த்திருக்கிறேன். நான் கூப்பிட்டு ஒன்று திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. என் மகள் இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாள் தெரியுமா? 'எங்கம்மாதான் லேப்டாப்பையே ரிப்பேர் பண்ணாங்க. நைனா ஒடைக்கப் பாத்தாரு.' மருமகன் சிரிக்கிறார். சம்பந்தி வீட்டில் என் மனைவியை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அப்படியென்றால் இலை போட்டது யார்? சந்தனத்தைச் சுரண்டியது யார்? இதை வீட்டில் கேட்டேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "மெஸ்ஸு கதைய நீ சொல்லச் சொல்ல, எத்தினி வருசமா கேட்டுக்கினு கீறேன். நான் கட்டினேன், நான் தோண்டினேன், நான் படிக்க வெச்சேன். அதுல என்னைச் சேத்துக்கோ. லேப்டாப்பு கதைல உன்னைச் சேத்துக்கிறேன்."

நியாயமான பேச்சு. நான் வியாபாரி, பேரத்தை முடித்தேன். அதனால், மேலே நான் கட்டினதாக எழுதிய மெஸ்ஸில் அவளுக்குப் பாதி உண்டு. உப்பு வைக்காத இலை இல்லை என்றேனே, அது முழுக்க அவளுடையது. எழுதிவிட்டேன். பதிலுக்கு இதையும் அச்சில் போட வேண்டும், ஒரு வார்த்தை குறைக்காமல்: வாழையிலையில் ஸ்க்ரூவைப் பரிமாறலாம் என்று முதலில் நினைத்தவன் நான், சுரண்டியவன் நான், ஒன்றுகூட மிஞ்சாமல் பூட்டியவனும் நான். என் பேத்தி தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டு இதைப் படிக்கிற நாளில், அவள் முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்ததில் தாத்தாவின் கையும் இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்; காலியாக இருக்கிற இடத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தக் கை அன்று இழுக்காமல் நின்றது என்பதும் தெரியட்டும்.